சாம்பல் அட்டை

“ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்காருங்க. நடுவுல கைப்பை வைக்கக் கூடாது” என்றார் டீச்சர்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலி. லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

சுவரில் பிள்ளைகளின் பெயர் எழுதிய துணிப்பைகள் வரிசையாகத் தொங்கின.

“காலையில வந்ததும், மனசு எப்படி இருக்குன்னு பிள்ளைங்க இதுல ஓர் அட்டை வைக்கணும். சந்தோஷம்னா மஞ்சள், கோபம்னா சிவப்பு, வீட்ல பிரச்சினைன்னா சாம்பல். உங்க பொண்ணு போன மாசத்துலேருந்து தினமும் சாம்பல்தான்.”

இருவருக்கும் முகம் தொங்கிப்போனது. மறுக்க வழியில்லை. விடியும் முன் அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மகளைப் பள்ளிக்கு அனுப்புவது இவன். மாலையில் அவள் வீடு திரும்பும்போது இவன் வேலைக்குப் போயிருப்பான்; நள்ளிரவில் இவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். குடையைத் தொலைத்தது யார் என்று ஓர் அற்பச் சண்டை. அதிலிருந்து பேச்சில்லை. போனில் பேசலாம்தான். முதலில் கூப்பிடுவது யார்?

ஆகவே மகள்தான் தபால்காரி. “அப்பாகிட்ட சொல்லு”, “அம்மாகிட்ட சொல்லு” என்று தபால் ஓட ஓடச் சண்டை முற்றியது. கட்டில் மேல் பெட்டி தயாராக இருக்கிறது. சனிக்கிழமை மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்ற பேச்சே இல்லை. மெக்கானிக் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். வெளியே சொல்ல ரோஷம் விடவில்லை.

“மனசுல இருக்கிறதை நேருக்கு நேர் சொல்லுங்க. ‘எனக்கு வருத்தமா இருக்கு’ன்னு ஆரம்பிக்கணும். பிள்ளைங்களே அழகா செய்யுதுங்க” என்றார் டீச்சர்.

“எனக்கு வருத்தமா இருக்கு” என்று பல்லைக் கடித்தபடி ஆரம்பித்தாள் மனைவி. “இருட்டுல எந்திரிச்சு சமைச்சு வச்சா, இதை நோயாளிகூடத் தொடமாட்டான்னு சொல்லி அனுப்புற மனுஷனைக் கட்டிக்கிட்டேனேன்னு வருத்தமா இருக்கு.”

“யாரு சொன்னது? சாப்பாடு பிரமாதம்னு சொல்லச் சொன்னேன்!”

“நடிக்காதீங்க.”

“நானா நடிக்கிறேன்? கிட்ட வந்தா கிரீஸ் நாத்தம் குடலைப் புரட்டுதுன்னு சொன்னது யாரு? அன்னைக்கிலேருந்து மூணு வேளை குளிக்கிறேன். தோலே உரியுது.”

“ஐயையோ! ராத்திரி குளிருது, ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுன்னேன். அவ்வளவுதான்!”

மெக்கானிக் தோல் உரிந்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அப்ப, பெட்டி கட்டிட்டேன்னு சொன்னதுக்கு, தொலைஞ்சது சனின்னு சொல்லலையா நீங்க?” அவள் குரல் இறங்கியிருந்தது.

“போகவேணாம்னு கெஞ்சினேன்டி. குடையைத் தொலைச்சது நான்தான்னும் சொல்லச் சொன்னேன்.”

அவ்வளவுதான். அவள் கைப்பைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். அவன் எழுந்து அவள் தோளைத் தொடப் பார்த்தான். நாற்காலியும் கூடவே எழுந்தது. அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்த வாலு ஏன் இப்படி மாத்தி மாத்திச் சொன்னா?” என்றான், நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டே.

“குழந்தையைத் திட்டாதீங்க சார். வீட்ல இறுக்கமா இருந்தா, பிஞ்சு மனசுல வார்த்தை சரியா தங்காது” என்றார் டீச்சர். பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

பெற்றவர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நம்மால்தானே குழந்தை இப்படி ஆகிவிட்டது என்று மறுபடி அழுகை வந்தது.

“எவ்வளவு பாரம் சுமந்திருக்கும்! அதனாலதான், சாம்பல் அட்டை வைக்கிற பிள்ளைக்கு அன்னைக்கு நாங்க வீட்டுப்பாடமே குடுக்கிறதில்லை.”

அழுகை நின்றது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெளியே படிக்கட்டில் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழ்ப்படிகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் வாய் பிளந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ன காலமோ தெரியல, இந்த வாரம் பாதி வகுப்பு சாம்பல் அட்டை. எல்லார் வீட்லயும் சண்டை” என்று பெருமூச்சு விட்டார் டீச்சர். “நல்லவேளை, உங்க பொண்ணு இருக்கா. எல்லாப் பிள்ளைங்களும் அவகிட்டதான் போய் யோசனை கேக்குதுங்க!”