அம்புக்குறி இல்லாத பாகம்

“முதல் மூணு பாகத்துலயும் அம்புக்குறி வழி காட்டுச்சு. கேமோட இந்த நாலாம் பாகத்துல எங்க வேணா போன்னு விட்டுட்டான்” என்று சலித்துக்கொண்டான் சிலம்பரசன். திரையில் அவனுடைய வீரன் வெள்ளைச் சமவெளியில் பதினோராவது முறையாகப் புதைந்து செத்தான்.

மனைவி கலைமதி எட்டிப் பார்த்தாள். “வெள்ளையில கால் வைக்காதீங்க. நடுவுல மேடு ஓடுது பாருங்க, அது மேலயே போங்க.”

போனான். மேடு திரும்பிய இடமெல்லாம் திரும்பினான். வெள்ளைக்கு நடுவிலிருந்து ஒரு கண்ணாடி நகரம் மெல்ல எழுந்தது. சிலம்பரசன் அவள் பக்கம் திரும்பினான்.

“நான் இல்லாதப்ப ஆடி முடிச்சிட்டியா?”

“எனக்கேதுங்க நேரம்?” மரக்காணம் உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த கலைமதி, கால் வெடிப்பில் ஒட்டிய உப்பைத் தட்டினாள். “பாத்தியில கால் வெச்சா உப்புல சேறு கலந்துடும். காலையிலருந்து வரப்பு மேலதான நடந்துட்டு வர்றேன்.”

சிலம்பரசன் கன்ட்ரோலரை அவளிடம் நீட்டிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்தான்.