ஆளில்லாத தீவு

கப்பல்காரர்கள் குவாயனைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று வருடமாயிற்று. தங்கள் பாஷையைக் கற்றுக்கொடுத்து, பெத்ரோ என்று பெயரும் வைத்து, தீவு தீவாகத் துபாஷி வேலைக்கு இழுத்துப்போனார்கள். எந்தத் தீவிலும் கப்பல் தலைவர் முதலில் பெயரைத்தான் கேட்பார். அங்கே இருப்பவர்கள் வாய் நிறையச் சொல்வார்கள். அவரோ வேறொரு பெயரைக் கடல் வரைபடத்தில் எழுதிக்கொள்வார். அது எதற்கென்று குவாயனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அப்படிப் பெயர் எழுதிய தீவுகளுக்கு மறுமுறை போனபோது அங்கே ஆட்கள் குறைந்திருந்தார்கள்.

அன்று காலை எதிரே தெரிந்தது அவனுடைய தீவு. மனைவியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள்.

"இது என்ன தீவு, பெத்ரோ?" என்றார் தலைவர்.

"பேர் தெரியலைங்க. ஆள் யாரும் கிடையாது. குடிக்கத் தண்ணிகூட இல்லை."

"பேர் தெரியாது, தண்ணி இல்லாதது மட்டும் தெரியுமா?"

"மீன் பிடிக்க இந்தப் பக்கம் வந்திருக்கேன்."

தலைவர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு, அன்று யாருடைய திருநாள் என்று பாதிரியாரிடம் கேட்டு, 'புனித அன்னம்மாள்' என்று எழுதினார். கப்பல் கடந்து போய்விடும் என்று குவாயன் மூச்சு விட்டான்.

"ஆளில்லைன்னா நல்லதாப் போச்சு. யாரையும் கேட்க வேண்டியதில்லை," என்று தலைவர் படகை இறக்கச் சொன்னார். கொடியும் சிலுவையும் துப்பாக்கிகளும் இறங்கின. "நீயும் ஏறு, பெத்ரோ."

படகு நெருங்கியபோது மணலில் ஒருத்தி நிமிர்ந்து, நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். தலைவர் கரைப் பக்கம் திரும்பவே இல்லை. குவாயனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.