தலைவரின் கதிரை

பாட்டுப் பயிற்சி அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையடியில் பேனையோடு சுலோஜனா; யன்னல் விளிம்பில் வினோதன்; கதவோரத்து நீள மர வாங்கில் ஆனந்தராசா; கடைசி வரிசையில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், இராசமலர். கீபோர்டுக்கு முன்னாலிருந்த பாடகர் குழுத் தலைவரின் கதிரை காலியாகக் கிடந்தது.

"எழுது பிள்ளை," என்றார் ஆனந்தராசா. "அன்புள்ள பாதர், எங்கள் பாடகர் குழுத் தலைவரை உடனடியாக நீக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

சுலோஜனா பேனையை நிறுத்தினாள். "உடனடியாக எண்டது வேணுமோ அண்ணை? திருவிழா வருகுது."

"திருவிழாவுக்குக் குழுவில ஆள் மிஞ்ச வேணுமெல்லோ? ஒரு வரியைப் பின்னேரம் முழுக்கப் பாட வைச்சு, பிறகும் முகத்தைச் சுழிக்கிற மனுசன்! அதையும் எழுது."

"நல்லாப் பாட வேணும் எண்டுதானே..." என்று வினோதன் இழுத்தான்.

"உனக்குத் தொண்டையோ தவளையோ எண்டு கேட்ட ஆளுக்கு நீயே வக்கீல், தம்பி?"

"தவளை எண்டாலும் எங்கட கப்பல்துறை ஊர்த் தவளை, அண்ணை!"

ஆனந்தராசா சிரிக்கவில்லை. "மலரக்கா இனி மூதூர்க் கோயிலுக்குப் போகப்போறாவாம். குரல் நடுங்குது எண்டு குழுவால நிப்பாட்டினதாலதானே?"

"அது முடிஞ்ச கதை," என்றார் இராசமலர் வெடுக்கென்று. "என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"முடியேல்லை அக்கா. போன ஞாயிறு பூசையில ஒரு சுரம் பிழைச்சதுக்கு, அந்த மனுசன் கையைக் காட்டி முழுக் குழுவையும் நிப்பாட்டினது. கோயிலே விறைச்சுப்போச்சு. நீங்கள் மட்டும் பின்வரிசை வாங்கில இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, மெட்டு விலக விலகப் பாடி முடிச்சனீங்கள்." அவர் காலிக் கதிரையைப் பார்த்தார். "ஆண்டவர் அந்தப் பாட்டைக் கேட்டவர். அந்த மனுசன் பிழையை மட்டும்தான் கேட்டவன்."

இராசமலர் கைப்பையை மடியில் இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார்.

துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது. திடுக்கிட்ட சுலோஜனாவின் கையில் மை இழுபட்டது. முகம் வெளிற, அவசரமாகப் புதுத் தாளொன்றை எடுத்தாள்.

"வேண்டாம், அப்படியே போகட்டும்," என்றார் ஆனந்தராசா. "எங்களை என்ன, ஆண்டவர் திருத்தி எழுதிப்போட்டோ ஏற்றுக்கொண்டவர்?"

சுலோஜனாவும் வினோதனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவர்கள் கேட்டதேயில்லை.

முதல் கையெழுத்தை ஆனந்தராசாவே போட்டார். சுலோஜனாவும் வினோதனும் மனமில்லாமல்தான் போட்டார்கள். இராசமலர் பேனையைத் தொடவில்லை.

பாதர் தம்பலகாமத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார். "நாளைக்கு அவர் வந்த பிறகு குடுப்பமே?" என்றான் வினோதன்.

"நாளைக்கு எண்டால் மனம் மாறிப்போகும். இப்பவே கொண்டு போ."

கடித உறையை ஒட்டி, இரண்டு கையாலும் அழுத்தி, அவனிடம் நீட்டினார். வினோதன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். சத்தம் கண்டி வீதிப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

இராசமலரும் போவதற்கு எழுந்தார். ஆனந்தராசா அந்தக் காலிக் கதிரையைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இனி என்ர கதிரையில நீங்கள் இருங்கோ மலரக்கா, நான் பின்னால நிண்டு பாடுறன்."