யாகப்பு கேட்ட படகு

ஒரே மகன் மெல்ரொனுக்கு யாகப்பு வைத்த விலை ஒரு பைபர் படகு. அதுவும் புதுப் படகு.

முல்லைத்தீவுக் கடற்கரையில், கட்டைகளின் மேல் கவிழ்த்து வைத்த பழைய படகில் ஏறிக் குந்தியிருந்து, மெல்ரொன் விரும்பிய ஆன்சலா, ஆடுகிற ஸ்குரூக்களை இறுக்கிக்கொண்டிருந்தாள். படகுக்குக் கீழே ஒரு ஆள் நட்டைப் பிடித்தபடி இருந்தார். ஒன்று இறுகியதும் கீழேயிருந்து ஒரு தட்டுக் கேட்கும். அவள் அடுத்ததுக்கு நகருவாள்.

அங்கே வந்த யாகப்பு ஒரு ஸ்குரூவை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இதையோ சீதனமாத் தரப்போறாய்? எல்லாம் கழண்டு ஆடுது."

"தாறனெண்டு நான் சொல்லேல்லையே, மாமா. அப்பா செத்த பிறகு எங்கட உலை இந்தப் படகாலதான் கொதிக்குது. இது கடலுக்குத்தான் போகும், உங்கட வளவுக்கு வராது."

"அப்ப கலியாணமும் இல்லை. சிலாவத்தையில ஒரு பொம்பிளைப் பகுதி புதுப் படகோட நிக்குது. நான் கீறின கோட்டை என்ர பெடியன் தாண்டான்."

"அவரிட்டக் கேட்டனீங்களோ?"

"அவனிட்ட ஏன் கேக்க வேணும்?"

கீழேயிருந்து ஒரு தட்டுக் கேட்டது. யாகப்புவுக்கு எரிச்சல் வந்தது.

"கீழ ஆர், கூலியாளோ?"

"கூலி வேண்டாமாம், மாமா. சாப்பாடு போட்டாக் காணுமாம். இனி எங்கட வீட்டிலதான் இருப்பாராம்."

"வெக்கங்கெட்டவன். பெத்து வளத்தவை ஒருத்தரும் இல்லையோ அவனுக்கு?"

"இருக்கினம். விலைதான் கூடச் சொல்லுகினம்."

ஸ்பானரும் கையுமாக மெல்ரொன் ஊர்ந்து வெளியே வந்து மணலைத் தட்டினான்.

"நேற்றுக் கலியாணம் பதிஞ்சிட்டம், அப்பா."

யாகப்பு நின்ற இடத்திலேயே கூட்டிக் கழித்துப் பார்த்தார். வரவு, ஒரு மருமகள். செலவு, ஒரு மகன். படகு எந்தப் பக்கத்திலும் இல்லை.