இரண்டாம் சுற்று

அஞ்சலா முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண், "இல்லை" என்றாள்.

அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் அவளே பதில் சொல்லிக்கொண்டு போனாள். கையால் அடிப்பதில்லை. தடியால் அடிப்பதில்லை. சூடு வைப்பதில்லை. பட்டினி போடுவதில்லை.

அஞ்சலாவின் மடியிலிருந்த தாளில் கேள்விகள் அதே ஒழுங்கில்தான் இருந்தன.

அந்தப் பெண் திருவலையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவேயில்லை.

பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவரின் ஆய்வுக்காக அஞ்சலா தோணியில் வாவியைக் கடந்து மேற்கே இருந்த ஊர்களில் வீடு வீடாகப் போய்வந்தாள். புருஷன்மாரிடம் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஆய்வு. ஊருக்குச் சொன்னது குடும்ப நலம் என்று.

புருஷன் பக்கத்தில் இருந்தால் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். அதனால் இரண்டு பேராகப் போனார்கள். ஹெக்டர் முற்றத்தில் வீட்டுக்காரனை இருத்தி, வயல் வட்டையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருப்பான். அதற்குள் அஞ்சலா குசினியில் பெண்ணிடம் பேசவேண்டும்.

முதல் தடவை உண்மை வராது, பழகிய முகத்துக்குத்தான் வரும் என்பது பேராசிரியையின் எண்ணம். ஆகவே அறுவடை முடிந்ததும் அதே வீடுகளுக்கு இரண்டாம் சுற்று.

இந்த வீட்டில் பழகிய முகம் இல்லை.

எழுபத்துமூன்றாம் ஆண்டு விதைப்புக் காலத்தில் வந்தபோது இதே குசினியில் இருந்தவள் சீதேவிப்பிள்ளை. வீட்டுக்காரர் கோணாமலையின் மனைவி. நெடுநேரம் பேசியவள். இப்போது இருப்பவள் இரத்தினம்மா. இருபது வயதுகூட இராது. கோணாமலை அவளைத் தை மாதம் கூட்டிவந்தாராம்.

சீதேவிப்பிள்ளை எங்கே என்று அஞ்சலா கேட்டாள்.

வாவியில் இறால் பிடிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து மூழ்கிப்போனதாக இரத்தினம்மா சொன்னாள். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறதாம். அந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் மட்டும்தான் என்பதையும் அதே குரலில் சொன்னாள்.

வெளியே கோணாமலையின் பேச்சுக் கேட்டது. சாந்தமான குரல். அரிசியை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகத் தடை போட்டிருப்பதைப் பற்றி ஹெக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். குடிப்பதில்லை. கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்பார்.

கேள்விகள் எல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அஞ்சலா கேட்டாள்.

"அவருதான் சொல்லித் தந்தவரு. ஒவ்வொரு நாளும் சாப்பிடக்குள்ள சொல்லுவாரு. நீங்க என்ன கேட்டீங்க, அவ என்ன சொன்னா எண்டு. ஒரு சொல்லும் விடமாட்டாரு."

முதல் தடவை வந்த அன்று கோணாமலை முற்றத்தை விட்டு அசையவில்லை. ஹெக்டர் அதை அடித்துச் சொல்லியிருந்தான்.

அஞ்சலா யோசிப்பதை இரத்தினம்மா கண்டுகொண்டாள். அவர் ஒட்டுக்கேட்கவில்லை என்றாள். அவருக்கு அது தேவையில்லையாம். தோணி போன பிறகு சீதேவிப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, கோபப்படாமல், திரும்பத் திரும்பக் கேட்டாராம். நாட்கணக்காகக் கேட்டாராம். முதலில் சீதேவிப்பிள்ளை பொய் சொன்னாளாம். கடைசியில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டாளாம்.

அதற்கு மறுநாள்தான் இறாலுக்குப் போனது.

முதல் தடவை வந்து புறப்படும் நேரம் அஞ்சலா சீதேவிப்பிள்ளையின் காதருகே குனிந்து, தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டிருந்தாள். எங்களோடு தோணியில் வந்துவிடுகிறாயா என்று. ஹெக்டருக்குக்கூட அதைச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள் சீதேவிப்பிள்ளை.

இரத்தினம்மா துருவுவதை நிறுத்தினாள்.

"அதையும்தான் சொல்லிப்போட்டா, அக்கா. என்னட்ட அப்பிடிக் கேக்காதீங்க. கேட்டா நானும் சொல்லிப்போடுவன். கேக்காமக் கூட்டிக்கொண்டு போங்க."

எதிலும் தலையிடக்கூடாது என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு வீட்டில் தலையிட்டால் ஊரில் வேறெந்தக் கதவும் திறக்காது. கேட்பது, எழுதுவது, வருவது. அவ்வளவுதான்.

அஞ்சலா பேனையை மூடினாள்.

இரத்தினம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்தக் கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. பின்கதவால் இறங்கி, வேலியைக் கடந்து, வாவிக்கரைக் கண்ணாமரங்களுக்குள்ளால் தோணித்துறைக்கு நடந்தார்கள். ஓடவில்லை. ஓடினால் நாய்கள் குரைக்கும் என்று இரத்தினம்மா சொன்னாள்.

தோணிக்காரர் தங்கராசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஹெக்டர் தம்பி வரவில்லையா என்று மட்டும் கேட்டார். அவன் தரை வழியாக வருவான் என்றாள் அஞ்சலா. அவர் கம்பை ஊன்றித் தள்ளினார்.

பாதி வாவி கடந்திருக்கும். கரையில் கோணாமலை வந்து நின்றார். பக்கத்தில் ஹெக்டர்.

கோணாமலை சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வழியனுப்புகிற மாதிரி வலது கையை உயர்த்தி மெல்ல அசைத்தார். ஒன்றும் விளங்காத ஹெக்டரும் கையை அசைத்தான்.

இரத்தினம்மாவின் கையும் தன்பாட்டில் மேலே எழும்பியது.

அஞ்சலா அதைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இனிப் பயமில்லை, நாங்கள் போகிற இடத்தில் ஒருவரும் உன்னைத் தேடி வரமாட்டார்கள் என்றாள். அது எந்த இடம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

இரத்தினம்மா மற்றக் கையால் அவளுடைய வாயைப் பொத்தினாள்.

"எங்க போறம் எண்டு எனக்குச் சொல்லாதீங்க, அக்கா."