கீழ் வீட்டுத் தீர்ப்பு

டிராக் முடிந்தது. கீழ் வீட்டிலிருந்து ஒரு இடிகூட வரவில்லை.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை போடுங்க மாமா."

எங்களுடையது சின்ன லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனி. ஒரு அறை, இரண்டு ஸ்பீக்கர், வாஷிங் மெஷின் அளவுக்கு ஒரு சப்-வூஃபர். முதலாளி, தொழிலாளி, பார்சல் கட்டுகிறவன் எல்லாம் நான் ஒருவனே. டார்க் டப்ஸ்டெப் மட்டும்தான் வெளியிடுகிறோம். இசை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் பாடகர் யார் என்று கேட்பார்கள். பாடகரெல்லாம் கிடையாது. மெதுவான அடி, அதற்குக் கீழே, மாடியில் யாரோ பீரோவை இழுப்பது போல ஒரு பேஸ். அவ்வளவுதான். இதற்கென்றே உலகத்தில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. இசைத்தட்டு அச்சாகி வந்த வாரமே வாங்கித் தீர்த்துவிடும்.

எங்கெங்கோ இருந்து ஆட்கள் டிராக் அனுப்புவார்கள். எதை வெளியிடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் கீழ் வீட்டுக்காரர். அது அவருக்கே தெரியாது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பேஸ் சரியாக விழுந்தால் ஒட்டடைக் கம்பை எடுத்துத் தன் வீட்டுக் கூரையை, அதாவது எங்கள் தரையை, இடிப்பார். சுமாரான டிராக்குக்கு அவர் எழுந்திருப்பதே இல்லை. இடி பலமாக விழுந்தால் நானும் மச்சினனும் கை குலுக்கிக்கொள்வோம். பாவம், மனிதர் நம்மைத் திட்டுகிறார் என்பதே மறந்துபோகும்.

ஒரே ஒரு முறை, அவர் இடிக்காத ஒன்றை, நமக்குத் தெரியாததா என்று வெளியிட்டேன். அது இன்னும் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் தூங்குகிறது. அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் ஜட்ஜய்யா. வைத்தவள் என் மனைவி.

மச்சினன் அவளுடைய ஒரே தம்பி. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாக இந்த ஒரு டிராக்கோடு மல்லுக்கட்டுகிறான். பழைய ஏசி கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி அக்கா பரிமாறும்போது பந்தயம் வைத்தவனும் அவனேதான். ஜட்ஜய்யா இடித்தால் இசை. இடிக்காவிட்டால் திங்கட்கிழமை வேலை, அதற்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றான்.

இரண்டாவது தடவை போட்டேன். மேஜையில் என் காபி தம்ளர் தானாக ஊர்ந்தது. நன்றாக இருக்கிறது என்றது என் காது. நன்றாக என்ன, எனக்கு முதுகே சில்லிட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று என் கைக்கு வந்ததில்லை.

கீழே மூச்சு பேச்சில்லை.

ஆள் வீட்டில் இல்லையோ என்று சந்தேகப்படவும் வழியில்லை. பால்கனியில் அவர் துணி காயப் போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

மூன்றாவது தடவை, வால்யூம் குமிழை இதுவரை திருப்பாத இடத்துக்குத் திருப்பினேன். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எதிர்வீட்டு நாய்கூடக் குரைத்தது. ஹாலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜட்ஜய்யாவும் அசையவில்லை.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம், பிரமாதமா இருக்குடா, அவர் கிடக்கிறார் என்று. வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கட்டிலுக்கடியில் கிடக்கும் அந்த டிராக்கும் அன்றைக்கு எனக்குப் பிரமாதமாகத்தான் கேட்டது. விழுங்கிக்கொண்டேன்.

மச்சினன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் சார் என்றான். குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு ஒயர்களைச் சுருட்டி வைக்கிறேன் என்று என்னை வெளியே அனுப்பி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். சத்தத்துக்காகப் போட்ட தடிமனான கதவு. அவன் அழுதிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலிங் பெல் அடித்தது.

திறந்தால் ஜட்ஜய்யா. இரண்டு காதிலும் பஞ்சு. ஒரு காதுப் பஞ்சை மட்டும் பிடுங்கிவிட்டு, என்னைத் தாண்டி என் மனைவியிடம் பேசினார்.

"முடிஞ்சுதாம்மா? கட்டில் நகர்ந்து செவுத்துல முட்டுது. ரெண்டு தடவை கம்பைக் கையில எடுத்துட்டேன். தம்பி திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போறான், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இடிக்காதீங்கன்னு காலையில வந்து கேட்டீங்களே, அதுக்காகப் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

காலையில். நாங்கள் முதல் தடவை போட்டதே மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

எனக்குக் கோபம் கன்னாபின்னாவென்று வந்தது. திரும்பினேன். மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. முகத்தில் கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை.

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

இத்தனை வருடத்தில் இந்த லேபிளைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் குறை அது.

"தங்கமான பையன்" என்றார் ஜட்ஜய்யா, அடுத்த காதுப் பஞ்சையும் எடுத்துக்கொண்டே. "எங்க வேலை?"

மனைவி அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். பதிலை என்னிடம் விட்டுவிட்டாள்.

சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன். நாலு எட்டு வைத்துத் தட்டினால் போதும், வெளியே வந்துவிடுவான்.

"ஏசி கம்பெனியில" என்றேன்.