யார் வீட்டுக் கதவு?

"யாருடி அந்தப் பொம்பளை? இப்பவே தெரிஞ்சாகணும்!"

படம் முடிந்து விளக்குப் போட்டதும் முதல் ஆளாக எழுந்தவள் லியோங் அம்மாதான்.

சான்பிரான்சிஸ்கோ சைனா டவுனில், ஊர்ச் சங்கத்து மாடிக் கூடம். மாஜோங் சீட்டாட்ட மேஜைகளை ஓரம் கட்டிவிட்டு சங்கத்துப் பெண் டோரின் எடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். சீனாவிலிருந்து பிழைக்க வந்த அம்மாவும், இங்கேயே பிறந்த பெண்ணும் முட்டிக்கொள்கிற கதை.

"எல்லாரும் அபிப்பிராயம் சொல்லுங்க" என்று டோரின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள்.

"கதை கிடக்கட்டும்மா. சாப்பாட்டு மேஜையில மீனைப் புரட்டிப் போடறாங்களே, அப்படிப் புரட்டினா கடல்ல படகு கவிழும்னு பெரியவங்க சொன்னது தெரியாது? அதை முதல்ல வெட்டு" என்றார் ஒரு தாத்தா.

"அபசகுனத்தை விடுங்க, அந்தக் கதவுக்கு வாங்க!" லியோங் அம்மா விடுவதாக இல்லை. "பெத்த பொண்ணைக் கொட்டற மழையில வெளியே தள்ளிக் கதவைப் பூட்டறாளாம். எந்தச் சீனத் தாய் அப்படிச் செய்வா?"

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "எல்லாரும்தான் ஆன்ட்டி! தண்டனைன்னா வெள்ளைக்காரன் பிள்ளையை உள்ளே போட்டுப் பூட்டுவான். நம்ம ஆளுங்க வெளியே தள்ளிப் பூட்டுவாங்க. எங்கம்மா என்னைத் தள்ளலையா?"

"வாயை மூடுடி. அஞ்சு நிமிஷம் நின்னதுக்கு ஊரைக் கூட்டறா!" என்றாள் பக்கத்திலிருந்த அம்மாக்காரி.

கூடம் சிரித்தது. சங்கத் தலைவர் செட்டோ மட்டும் சிரிக்கவில்லை.

"இது அஞ்சு நிமிஷச் சமாசாரம் இல்லையே. அந்தப் பொண்ணு விறைச்சுப்போய்ப் படியில மயங்கி விழறா. டோரின், இது கற்பனையா, நடந்ததா?"

டோரினுக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"நடந்ததுதான் ஐயா."

அவ்வளவுதான். அத்தனை தலையும் முன்வரிசைக்குத் திரும்பியது. அங்கே அவள் அம்மா சௌலான் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் எடுத்த படத்தில் அம்மா வந்தால் அது வேறு யாராக இருக்க முடியும்? போதாக்குறைக்கு, படத்தில் வந்த மாடிப்படியும் சௌலான் வீட்டு மாடிப்படி.

வரும் ஞாயிற்றுக்கிழமை சீனப் புத்தாண்டு விருந்து. கல்யாணமாகாதவர்கள், குழந்தையானாலும் குமரியானாலும், வரிசையில் வந்து ஆசீர்வாதப் பணம் வைத்த சிவப்பு உறை வாங்கிக்கொள்வார்கள். சங்கத்தின் சார்பில் அதைக் கொடுக்கிற கௌரவம் வருஷா வருஷம் சௌலானுக்குத்தான். 'பிள்ளை வளர்த்தா சௌலான் மாதிரி வளர்க்கணும்' என்று ஊரே சொல்லும். மனுஷிக்கு வேறு சொத்தில்லை, அந்தப் பேர் ஒன்றுதான்.

"சௌலான், நீயா?" என்றார் செட்டோ.

டோரின் பதறிப்போனாள். "ஐயோ, எங்கம்மா இல்லை! அது எங்க வீடே இல்லை. அது வந்து..."

"எங்க வீடுதான்."

சௌலான் எழுந்து நின்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"நான்தான் பூட்டினேன். பரீட்சையில மார்க்கு குறைஞ்சதுன்னு ஆத்திரம். புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். எம்பொண்ணு உண்மையைத்தான் எடுத்திருக்கா. அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

லியோங் அம்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா!" என்றாள் டோரின்.

"நீ சும்மா இரு."

செட்டோ கனைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நடந்தப்புறம் உன் கையால குழந்தைங்களுக்கு உறை கொடுக்கச் சொல்றது நல்லா இருக்காது சௌலான். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. இந்த வருஷம்..." சுற்றும் முற்றும் பார்த்தார். "லியோங் அம்மா கொடுக்கட்டும். பிள்ளைக்காக இவ்வளவு துடிச்சாங்களே."

"நானா?" லியோங் அம்மா சௌலானைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சௌலான் சரியென்று தலையாட்டிவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் டோரின் அழுதே விட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? பூட்டினது லியோங் அம்மா! விறைச்சுக் கிடந்தது அவ பொண்ணு லோர்னா! தூக்கிட்டு வந்து, தலை துவட்டி, என் சட்டையைப் போட்டுவிட்டுக் கஞ்சி ஊட்டினது நீ! அவங்க வீடுன்னு யாருக்கும் தெரியக் கூடாதேன்னு நம்ம படியில எடுத்தேன். அது உன் தலையிலயே விடிஞ்சுது. அவ உன் முன்னாடி நின்னு நியாயம் கேக்கறா, நீ ஏம்மா பழியைச் சுமக்கணும்?"

சௌலான் குடையை விரித்துப் பெண்ணின் தலைக்கு மேல் பிடித்தாள்.

"அவ எங்கே நியாயம் கேட்டா? தன் கதை வெளியே வந்துடுமோங்கற பயத்துல கத்தினாடி."

"பயந்தா பயப்படட்டும்! அவளுக்காக உன் பேரைத் தூக்கிக் கொடுத்துட்டியே!"

"வீட்டை விட்டுப் போன லோர்னா இத்தனை வருஷத்துல நேத்துதான் எனக்கு போன் பண்ணினா. ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வர்றாளாம். வர்ற நேரத்துல ஊரே அவ அம்மாவைக் காறித் துப்பினா, வாசல்லேருந்தே திரும்பிப் போயிட மாட்டாளா?"

"அதுக்காக அந்த உறையையும் அவ கையில கொடுக்கணுமா?"

"அவ கையாலதான் கொடுக்கணும். லோர்னாவுக்கு இன்னும் கல்யாணமாகலைடி. அவளும் அந்த வரிசையில நிக்கணுமில்ல?"